வாடகை மருமகன்

திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டிக்காரருக்கு நான் சில காலம் அக்கா மகனாக இருந்தேன். அந்த விஷயம் அவருடைய அக்காவுக்குத் தெரியாது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் விழுப்புரத்தில் ஒரு லாரி பார்சல் ஆபீசில் கிளார்க். சொந்த ஊர் திருநெல்வேலிக்குத் தெற்கே. விழுப்புரத்தில் வீடு தேடி அலுத்துப்போயிருந்தேன். "ஃபேமிலியா, பேச்சிலரா?" என்று கேட்பார்கள். பேச்சிலர் என்றதும், நான் கையில் மண்ணெண்ணெய் டின்னோடு நிற்பதைப்போல முகம் மாறும். லோடு ஏற்ற வந்த ஒரு டிரைவர்தான், "திண்டிவனத்துல ஒரு மண்டி ஓனரு கீறாரு. அவரு ஒண்ணும் கேக்க மாட்டாரு" என்றார்.

உண்மைதான். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானும் அவரிடம் ஒன்றும் கேட்கக் கூடாது என்பதுதான் அவருடைய ஒரே நிபந்தனை. குறிப்பாக, வாடகைக்கு ரசீது.

"ரசீது கிசீதெல்லாம் பேங்க்ல போய்க் கேளு தம்பி. நாம மனுசனுக்கு மனுசன் பழகுவோம்" என்றார்.

குட்டையான மனிதர். வெள்ளைச் சட்டைப் பையில் எப்போதும் வறுத்த மல்லாட்டை இருக்கும், எங்கள் ஊர் நிலக்கடலைதான். பேசிக்கொண்டே உடைத்து வாயில் போடுவார். பதற்றமாக இருந்தால் வேகம் கூடும். அவர் மனநிலையைத் தெரிந்துகொள்ள முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, காலடியில் விழும் தோலைப் பார்த்தால் போதும்.

அவர் குடியிருந்த தெருவிலேயே, நாலைந்து வீடு தள்ளி, ஓட்டுக்கூரை போட்ட மூன்று வீடுகளை வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். முதல் வீட்டில் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவரும், பஸ் கண்டக்டரான அவர் கணவரும். கத்தோலிக்கக் குடும்பம். நடு வீட்டில் சைக்கிள் கடைக்காரர். அவர் மனைவி பெரும்பாலும் ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவார். கடைசி வீட்டில் நான்.

மூன்று வீட்டுக்கும் சேர்த்து ஒரே குளியலறை. அதற்குக் கதவு கிடையாது, மண்டியிலிருந்து வந்த ஒரு சாக்குத்தான் தொங்கியது. உள்ளே இருப்பவர் ஏதாவது சத்தம் கொடுத்துக்கொண்டே குளிக்க வேண்டும். கண்டக்டர் மாதா பாட்டு பாடுவார். நான் விசிலடிப்பேன். சைக்கிள் கடைக்காரருக்கு இரண்டும் வராது. அவர் கடையிலிருந்து ஒரு சைக்கிள் மணியைக் கொண்டுபோய் உள்ளே வைத்துக்கொண்டு, சோப்புக் கையால் அடித்துக்கொண்டே இருப்பார். நர்ஸம்மா குளிக்கும்போது மட்டும் கண்டக்டர் வெளியே காவல் நிற்பார். கதவு போடச் சொல்லிக் கேட்டுக் கேட்டு அவர்களுக்கே சலித்துவிட்டது. "போட்டுடலாம் சிஸ்டர், மரம் வெல எறங்கட்டும்" என்பது ஓனரின் மாறாத பதில்.

ஒரு நாள் விழுப்புரத்திலிருந்து சூடான செய்தியோடு வந்தேன். வருமான வரி ஆபீஸ்காரர்கள் வாடகை வீட்டுச் சொந்தக்காரர்களைக் குறிவைத்துத் தெருத்தெருவாகப் போகிறார்கள். சொந்தக்காரரைக் கேட்பதில்லை, நேராகக் குடியிருப்பவரின் கதவைத் தட்டுகிறார்கள். பயந்துபோன ஒருவர், வாடகைக்கு விட்டிருந்த கட்டடத்தின் முன்னறையில் இரண்டு எருமைகளைக் கட்டி, மாட்டுக்கொட்டகை என்று சாதித்தாராம். இன்னொருவர் வாசலில் 'தர்ம சத்திரம்' என்று போர்டு மாட்டிவிட்டாராம். போர்டைப் பார்த்து நிஜமாகவே ஒரு யாத்திரைக் கூட்டம் வந்து தங்கி, போக மறுத்துவிட்டதாம். பார்சல் ஆபீசில் இதைப் பேசிப் பேசி அன்றைக்கு வேலையே நடக்கவில்லை.

இதையெல்லாம் நான் ஓனரிடம் கொஞ்சம் ஜோடித்தே சொன்னேன். அவர் காலடியில் தோல் குவிந்தது.

"குடியிருக்கறவனையே கேக்கறானுங்களா?"

"ஆமா. எவ்வளவு வாடகை, எத்தனை வருஷமாக் குடுக்கீயன்னு கேக்காங்களாம்."

"பேஜாராப் போச்சே" என்று எழுந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் எல்லோரையும் கிணற்றடியில் கூட்டினார். அவர் மனைவியும் வந்திருந்தார். ஓனர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"இன்னியிலிருந்து நீங்க யாரும் குடக்கூலிக்காரங்க இல்ல. எல்லாம் என் சொந்தக்காரங்க. சொந்தத்துக்கு நான் சும்மா ஊடு குட்த்து வெச்சிக்கீறேன். எவனாவது வந்து கேட்டா அதான் சொல்லணும்."

கண்டக்டர்தான் மெதுவாகக் கேட்டார், "நாங்க எப்படிங்க உங்களுக்குச் சொந்தமாவ முடியும்? நாங்க வேதக்காரங்க."

"அதுக்கு இன்னா? சிஸ்டர் எனக்குச் சித்தப்பா பொண்ணு. ஊரே சிஸ்டர், சிஸ்டர்னுதான கூப்பிடுது? நான் கூப்ட்டா மட்டும் குத்தமா?"

"எங்க ஊட்டுச் செவுத்துல இருதய ஆண்டவர் படம் இருக்குதே" என்றார் நர்ஸம்மா.

"ரெண்டு நாளைக்கு எறக்கி வெச்சிடு."

"படத்தை எறக்க மாட்டேன். வேணும்னா நீங்க ஞானஸ்நானம் வாங்கிக்குங்க."

ஓனர் யோசித்தார். செத்துப்போய்ப் பல வருடமான தன் சித்தப்பாவை அந்த இடத்திலேயே மதம் மாற்றினார். "சித்தப்பா வேதத்துல சேந்துட்டாரு. அவ்ளோதான். மேல பேசாத."

நர்ஸம்மா விடவில்லை. "சரிண்ணே. அப்ப அண்ணனா ஒண்ணு செய்யணும். தங்கச்சி ஊட்டு பாத்ரூமுக்குக் கதவு இல்லாம சாக்கு தொங்கிக்கினு இருந்தா, வர்ற ஆபீசர் உங்களைப் பத்தி இன்னா நெனப்பாரு?"

நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். சிரிப்பை அடக்க வேறு வழியில்லை. ஓனர் வேகமாக மல்லாட்டை உடைத்தார். மறுநாளே ஆசாரி வந்தார், மரம் விலை இறங்காமலே கதவு வந்தது. சைக்கிள் மணி கடைக்குத் திரும்பிப் போனது.

சைக்கிள் கடைக்காரரை முதலில் பங்காளி என்று வைத்தார்கள். அவர் அதிகம் பேசாதவர். அரை மணி நேரம் கழித்து, ஏதோ பஞ்சர் எங்கே என்று தேடும் முகத்தோடு கேட்டார்: "பங்காளின்னா எனக்கும் சொத்துல பங்கு வருமில்லீங்க? ஆபீசர் எழுதிக்கினு போயிட்டா அது ரெக்கார்டாச்சே?"

ஓனர் ஜல்தியாக அவரைப் பங்காளியிலிருந்து இறக்கி, தன் மனைவிக்கு அண்ணனாக்கினார். ஓனரின் மனைவி ஒற்றைப் பெண்ணாய்ப் பிறந்தவர். வாராது வந்த அண்ணன்மேல் அவருக்கு நிஜமாகவே பாசம் பொங்கிவிட்டது. அடுத்த ஞாயிறிலிருந்து நடு வீட்டுக்குத் தூக்குச்சட்டியில் கறிக்குழம்பு வரத் தொடங்கியது. கடைசி வீட்டுக்கு வாசனை மட்டும் வந்தது.

எனக்குக் கிடைத்த வேடம் அக்கா மகன். ஓனருக்கு அனந்தபுரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நிஜமாகவே அக்கா இருந்தார். அவர் இந்தப் பக்கம் வருவதில்லை, அக்கா தம்பியாக இருந்தும் பேச்சுவார்த்தை கொஞ்சம் குறைவு என்று ஊரில் சொன்னார்கள். காரணம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு வேடம் கேட்டிருப்பேன்.

என் வேடத்தில் இரண்டு சிக்கல். முதலாவது என் பேச்சு. "வாரேன்", "சொல்லுதேன்" என்று பேசுகிறவன் அனந்தபுரத்துப் பிள்ளையாக முடியாது. தினமும் சாயங்காலம் மண்டியில் எனக்கு வகுப்பு நடந்தது.

"இது இன்னா?" என்று கையில் ஒன்றைத் தூக்கிக் காட்டுவார்.

"நிலக்கடலை."

"மல்லாட்டை! எங்க அக்கா ஊட்டுல பொறந்தவன் நெலக்கடலன்னு சொல்லுவானா? இது?"

"கேப்பை."

"கேவுருடா, கேவுரு! வந்துக்கினு கீறேன், போய்க்கினு கீறேன். சொல்லு."

சொல்லிக்கொண்டு இருந்தேன். மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு என்னைத் திருத்தினார்கள்.

இரண்டாவது சிக்கலை ஓனரின் மனைவிதான் கண்டுபிடித்தார். அக்கா மகன் என்றால் ஓனரின் மகளுக்கு நான் முறைப்பையன். அந்தப் பெண் விழுப்புரத்தில் காலேஜ் படித்தாள், காலையில் நான் போகும் அதே பாசஞ்சரில்தான் போவாள். அதுவரை என்னை ஏறிட்டும் பார்க்காதவள், ஒரு நாள் பிளாட்பாரத்தில் தோழிகளுக்கு நடுவே நின்று, "இன்னா அத்தை மவனே, சாப்ட்டியா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். தோழிகளும் சிரித்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர்கூடச் சிரித்ததாக எனக்கு ஞாபகம். அன்று மாலையே ஓனர் வந்து, பஸ்ஸில் போனால் ஜல்தியாகப் போகலாமே, உடம்புக்கும் நல்லது என்றார்.

ஆபீசர் வந்தபாடில்லை. எங்களுக்கு உறவுமுறை பழகிப்போனது. நர்ஸம்மா, "அண்ணே, ஓடு ஒழுவுது" என்றால் ஓடு மாற்றப்பட்டது. கண்டக்டர், "மச்சான்" என்று உரிமையோடு தோளில் தட்டி, வாடகையை அடுத்த வாரம் தருவதாகச் சொன்னார். நான் மண்டிக்குப் போனால் "வா மருமவனே" என்று ஓனர் வாயில் வந்துவிடும், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு மகள் இருக்கிறாளா என்று திரும்பிப் பார்ப்பார்.

கடைசியில் ஓர் அமாவாசைக்கு மறுநாள் காலையில் ஆபீசர் வந்தார். எனக்கு அன்று மதியத்துக்குமேல்தான் வேலை. நர்ஸம்மா டியூட்டி முடிந்து வந்திருந்தார். ஆபீசர் ஒல்லியான மனிதர், கண்ணாடி, கையில் குடை. வீட்டைத் தவறவிட்டு வந்த டியூஷன் வாத்தியார் போலிருந்தார். ஓனருக்கு யாரோ சொல்லி, அவர் மண்டியிலிருந்து செருப்பில்லாமல் ஓடி வந்தார். வரும் வழியில் சைக்கிள் கடையிலிருந்து மைத்துனரையும் இழுத்து வந்தார்.

ஆபீசருக்குக் கிணற்றடியில் நாற்காலி போட்டோம். காபி வேண்டாம் என்றார், தண்ணீர் மட்டும் குடித்தார். எல்லோரும் சொந்தக்காரர்கள், யாரும் வாடகை தருவதில்லை என்று ஓனர் ஒரே மூச்சில் ஒப்பித்தார்.

"ரொம்ப நல்ல மனசுங்க உங்களுக்கு" என்றார் ஆபீசர். திறந்திருந்த கதவு வழியாக இருதய ஆண்டவர் படத்தைப் பார்த்தார். பிறகு ஓனரின் நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததால் ஓனரே பதில் சொன்னார்: "சித்தப்பா வேதத்துல சேந்துட்டாருங்க."

"எந்த வருஷம்?"

"நான் பொறக்கறதுக்கு முந்தி" என்று நர்ஸம்மா குறுக்கே புகுந்து காப்பாற்றினார்.

ஆபீசர் என் பக்கம் திரும்பினார். "தம்பி யாரு?"

"அக்கா மவன் சார். அனந்தபுரம்."

"அம்மாவுக்கு நெலம் இருக்குதா? இந்த வருஷம் என்ன போட்டிருக்காங்க?"

இரண்டு மாதப் பயிற்சி அந்த ஒரு நொடியில் காணாமல் போனது. "நிலக்கடலைதான் போட்டிருக்காவ" என்றேன்.

ஓனர் கண்ணை மூடிக்கொண்டார். ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அனந்தபுரத்துல இப்பல்லாம் இப்படித்தான் பேசறாங்களா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

அப்போதுதான் தெருமுனையில் ஒரு குரல் கேட்டது. "மண்டியில இல்லன்னாங்க. இங்க இன்னாடா பண்ணிக்கினு கீற?"

வாட்டசாட்டமான ஓர் அம்மாள் வந்துகொண்டிருந்தார். நெற்றி நிறைய குங்குமம், கையில் ஒரு பை, அதில் எலுமிச்சம்பழமும் வேப்பிலையும் எட்டிப்பார்த்தன. அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்விட்டு, பிரசாதம் கொடுக்க அங்கிருந்து நேராக பஸ் ஏறி வந்திருக்கிறார். ஓனர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். சட்டைப் பையில் மல்லாட்டை இருந்தும் அவர் கை அங்கே போகவில்லை.

"நீங்க யாருங்கம்மா?" என்றார் ஆபீசர்.

"நானா? இவன் கூடப்பொறந்த அக்கா."

ஆபீசரின் முகத்தில் முதல்முறையாக ஒரு வெளிச்சம் வந்தது. எழுந்து நின்று, தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார். "உக்காருங்கம்மா. களைச்சுப்போய் வந்திருக்கீங்க. உங்க பிள்ளைகூட இங்கதானே இருக்காரு."

"என் புள்ளையா? என் புள்ளை அனந்தபுரத்திலிருந்து தெனம் பஸ்ல தொங்கிக்கினு வந்து இந்த ஊர்ல வேலை செய்யறான். இவங்கிட்ட ஒரு ஊடு கேட்டேன். எதுவும் காலி இல்ல, காலியானா சொல்றேன், ஆனா குடக்கூலி குறைக்க மாட்டேன்னு அக்காகிட்டயே சொன்னவன் இவன்!"

பேச்சுவார்த்தை ஏன் குறைந்தது என்று எனக்கு அப்போது புரிந்தது.

ஆபீசர் மரியாதையாக என்னைக் காட்டினார். "அப்ப இந்தத் தம்பி?"

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாருடா நீ?"

ஓனர் என்னைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இருந்தது. நானும் விசுவாசமாகத்தான் ஆரம்பித்தேன். "உங்க... மவன்" என்றேன்.

"எப்படா உன்னப் பெத்தேன்?"

அதற்கு யாரும் எனக்குப் பாடம் சொல்லித்தரவில்லை.

ஆபீசர் நிதானமாக விளக்கினார். தம்பி தன் சொந்தங்களுக்கெல்லாம் வாடகை இல்லாமல் வீடு கொடுத்திருக்கிறார், இவர் சித்தப்பா மகள், சித்தப்பா வேதத்தில் சேர்ந்துவிட்டார், அவர் மைத்துனர். அம்மாள் ஒவ்வொன்றையும் கேட்கக் கேட்க எழுந்து நின்றுவிட்டார்.

"எங்க சித்தப்பா வேதத்துல சேந்தாரா? சாவறவரைக்கும் தீச்சட்டி எடுத்த மனுசன்டா அவரு! ஊர்ல போறவன் வர்றவனுக்கெல்லாம் சும்மா ஊடு, கூடப்பொறந்தவ புள்ளைக்கு மட்டும் குடக்கூலியா?" என்று குளியலறைக் கதவோரம் சாத்தியிருந்த துடைப்பத்தை எடுத்தார். முதலில் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது தம்பி அல்ல, நான்.

என் விசுவாசம் அத்தோடு முடிந்தது. "அம்மா, நான் வாடகை குடுக்கேன்! மாசாமாசம் குடுக்கேன்! சும்மா இல்ல!" என்று கத்திவிட்டேன்.

துடைப்பம் நர்ஸம்மா பக்கம் திரும்பியது. "நானும் குடுக்கறேன் அக்கா" என்றார் அவர். மைத்துனர் கையைத் தூக்கினார். "நானும்."

ஆபீசர் எங்களிடம் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். அம்மாள் கொஞ்சம் ஓய்ந்த பிறகு ஓனரைப் பார்த்து, நோயாளியிடம் பேசுகிற குரலில் சொன்னார்:

"ஐயா, ஒண்ணு சொல்றேன், வருத்தப்படாதீங்க. சொந்தக்காரங்க சும்மா இருந்தாக்கூட, அந்த வீடு வெளியில விட்டா என்ன வாடகை வருமோ அதைக் கணக்குல எடுத்துக்கறதுதான் சட்டம். இவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம்."

ஓனர் கிணற்றின் சுவரில் உட்கார்ந்தார். குளியலறைப் பக்கம் பார்த்துக் கேட்டார்: "அப்ப அந்தக் கதவு வீணா?"

"கதவு வீணில்லண்ணே" என்றார் நர்ஸம்மா.

பிறகு ஓனர் ஆடிட்டரைப் பிடித்து, பழைய வருடங்களுக்கும் சேர்த்து அபராதத்தோடு வரி கட்டினார். கொஞ்ச நாள் எங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வாடகையை ஏற்றிப் பழிவாங்கலாம் என்று பார்த்தார். "தங்கச்சிகிட்டயா ஏத்துறீங்க?" என்று நர்ஸம்மா கேட்டதும் அந்த யோசனையைக் கைவிட்டார். சைக்கிள் கடைக்காரர் வீட்டுக்குக் கறிக்குழம்பு நிற்கவே இல்லை. ஓனர் நிறுத்தச் சொன்னாராம். "வரிக்காரன் வந்தா உங்களுக்குச் சொந்தம், போயிட்டா இல்லியா? எனக்கு அப்படி இல்ல" என்று மனைவி சொல்லிவிட்டாராம்.

அக்காவைச் சமாதானப்படுத்த ஒரு வீடு கொடுத்தே ஆக வேண்டியிருந்தது. காலி செய்ய எளிதானவன் நான்தான். மூட்டை கட்டத் தொடங்கினேன். ஆனால் அந்த அம்மாள் வந்து அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பசங்களும் ஒண்ணா இருக்கட்டும். இவனுக்குச் சமைக்கத் தெரியும்போலக்கீது, என் புள்ளைக்குத் தெரியாது" என்று தீர்ப்புச் சொன்னார். அப்படி நிஜ அக்கா மகனும் நானும் ஒரே வீட்டில் இருந்தோம். அவன் தாய்மாமன் வீட்டில் வாடகை இல்லாமல் இருந்தான். நான் முழு வாடகையும் கொடுத்துச் சமையலும் செய்தேன். அவன் சும்மா இருந்ததற்கும் சேர்த்து ஓனர் வரி கட்டினார். அதை அவரால் கடைசிவரை ஜீரணிக்க முடியவில்லை.

ஒவ்வோர் அமாவாசைக்கும் மறுநாள் அந்த அம்மாள் வருவார். எங்கள் இருவருக்கும் திருநீறு பூசி, பாத்திரம் அழுக்காக இருந்தால் இருவரையும் சேர்த்தே திட்டுவார். ஒருமுறை அவரை பஸ் ஏற்றிவிடப் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் அவருடைய ஊர்க்காரப் பெண் ஒருத்தி என்னைக் காட்டி, இது யார் என்று கேட்டாள்.

"இதுவும் என் புள்ளதான்" என்றார் அந்த அம்மாள். "கணக்குல காட்டல."

பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக ஒரு எலுமிச்சம்பழத்தை என் பக்கம் போட்டார். என் கைக்குச் சிக்கவில்லை, அது உருண்டு ஒரு ஜட்கா வண்டிக்குக் கீழே போய்விட்டது. குனிந்து எடுத்துக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். அன்று ஆபீசுக்குத் தாமதம்.